படத் திருட்டைத் தடுக்கப் போய் இணையத்தையே அடைக்கலாமா?

நெடுவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பெரிய படம் ஒன்று வெளியாகப் போகிறது என்றால் இப்போதெல்லாம் ஒரு சடங்கு போல இது நடக்கிறது. தயாரிப்பாளர் நீண்ட பட்டியலோடு நீதிமன்றம் போகிறார். இந்தத் தளங்களில் என் படம் திருட்டுத்தனமாக வரக்கூடும், இப்போதே முடக்குங்கள் என்கிறார். எதிர்த்தரப்பில் ஆளே இல்லை. முகம் தெரியாத எதிரிக்கு 'அசோக் குமார்' என்று பெயர் வைத்து வழக்கு நடக்கிறது. உடனே இடைக்கால உத்தரவும் கிடைத்துவிடுகிறது.

2018 நவம்பரில் 2.0 படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொன்னது. அதில் தமிழ்ராக்கர்ஸ் பெயரில் இருந்தவை மட்டும் 2,000-க்கும் மேல். அத்தனை முகவரிகளையும் ஒரு நீதிபதி திறந்து பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியும் படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி இணையத்துக்கு வந்துவிட்டது.

நான் திருட்டுப் படத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. உழைத்தவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் ஒரு தளத்தை முடக்குவது ஒருவர் பேசுவதை நிறுத்துவதற்குச் சமம். அதைச் செய்யும் முன் அந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்திருக்க வேண்டும், முடக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிய வேண்டும், அவர் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத உத்தரவு எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும் ஆபத்தானதுதான்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். திரைத்துறையில் இருப்பவர்கள் இங்கே உண்டு என்று தெரியும், அவர்கள் அவசியம் பேச வேண்டும்.

---

வெட்டுஒட்டு எழுதியது:

நான் படத்தொகுப்புக் கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் எனக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நெடுவழி, நீங்கள் சொல்லும் மூன்றும் நியாயம்தான். ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சிறிய படத்தின் தலையெழுத்து முதல் வெள்ளி, சனி, ஞாயிறில் முடிந்துவிடும். திங்கட்கிழமை நீதி கிடைத்தால் அது எங்களுக்குப் பயன்படாது. பெரிய நடிகர் படம் திருட்டில் போனாலும் கூட்டம் வரும். பேர் தெரியாத இயக்குநரின் படம் போனால் அவர் அடுத்த படத்துக்கு ஆளே கிடைக்காமல் நிற்பார். ஓடிடி உரிமை பேசும்போதும், "ஏற்கெனவே எல்லோரும் பார்த்துவிட்டார்களே" என்று சொல்லியே விலையைக் குறைப்பார்கள்.

அந்த அடி தயாரிப்பாளரோடு நிற்பதில்லை. ஒலிக்கலவை, வண்ணம் திருத்துவது, வசன வரி எழுதுவது என்று கடைசிக் கட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் பாக்கி விழும். எனக்குத் தெரிந்து அப்படி விழுந்திருக்கிறது, யார் படம் என்று சொல்லப் போவதில்லை.

எனவே 'இணையச் சுதந்திரம்' என்று பேசும்போது எங்களையும் அந்த இணையத்தில் வாழ்பவர்களாக எண்ணிப் பேசுங்கள்.

---

கம்பிவடம் எழுதியது:

வலையமைப்பு நிர்வாகம் என் தொழில். முடக்குவது என்றால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன், அப்புறம் சட்டத்தைப் பேசலாம்.

முதல் வழி டிஎன்எஸ். நீங்கள் தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண் முகவரியைத் தருவது சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் கணினி. அதில் பொய்ப் பதிலை வைத்துவிட்டால் தளம் திறக்காது. ஆனால் அந்தப் பெயரின் கீழ் இருக்கும் அத்தனை பக்கங்களும் சேர்ந்து போய்விடும். டிஎன்எஸ் அமைப்பை மாற்றத் தெரிந்தவருக்கு இது ஒரு தடையே இல்லை.

இரண்டாவது, அந்த எண் முகவரியையே, அதாவது ஐபி முகவரியையே அடைப்பது. இதுதான் மிக மோசம். பல தளங்களுக்கு முன்னால் நின்று அவற்றின் போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்களின் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கும். ஒன்றைக் குறிவைத்து அடைத்தால் எல்லாம் போகும்.

மூன்றாவது, குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுப்பது. நீதிமன்றங்கள் விரும்புவது இதைத்தான். தளத்துக்கும் நமக்கும் நடுவில் மறையாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி காலத்தில் அது முடிந்தது. இப்போது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும்தான் சேவை நிறுவனத்துக்குத் தெரியும், அந்தத் தளத்துக்குள் எந்தப் பக்கம் என்பது மறையாக்கத்துக்குள் போய்விடுகிறது. ஆகவே "இந்த ஒரு பக்கத்தை மட்டும் தடு" என்று உத்தரவு வந்தால் சேவை நிறுவனத்துக்கு இரண்டே வழிகள். ஒன்று, முழுத் தளத்தையும் அடைப்பது. இல்லையென்றால் முடியாது என்று சொல்வது. முடியாது என்று சொல்லி நீதிமன்ற அவமதிப்பில் மாட்ட யார் விரும்புவார்கள்? முழுசாக அடைத்துவிடுகிறார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் நீக்கும் வசதி அந்தத் தளத்தை நடத்துபவரிடம்தான் இருக்கிறது. கோரிக்கை முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

---

மாலைவெயில் எழுதியது:

எல்லாம் சரிங்க. தவறுதலாக ஒரு தளம் இரண்டு நாள் அடைபட்டால் என்ன பெரிய நட்டம்? பிறகு திறந்துவிடுவார்கள் அல்லவா? ஒரு பக்கம் ஒரு தொழிலே அழிகிறது, இன்னொரு பக்கம் சிலருக்குச் சிறு சிரமம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

மாலைவெயில் அம்மா, 'சிறு சிரமம்' என்பதற்கு நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2012-ல் '3' படத்துக்காகவும் இன்னொரு படத்துக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே 'அசோக் குமார்' உத்தரவு வாங்கப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மே மாதத்தில் பல சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் தளங்களையே முழுதாக அடைத்தன. விமியோ என்பது உலகம் முழுக்கக் குறும்பட இயக்குநர்கள் தங்கள் சொந்தப் படங்களை ஏற்றி வைக்கும் இடம். ஒரு படைப்பாளியைக் காப்பாற்ற ஆயிரம் படைப்பாளிகளின் இடத்தை மூடினார்கள். ஜூன் 22-ல் நீதிமன்றமே தலையிட்டு, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரியைத்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்திய பிறகே நிலைமை மாறியது.

அடுத்தது 2017 ஆகஸ்ட். இன்டர்நெட் ஆர்க்கைவ் இந்தியாவில் திறக்கவில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களையும் அழிந்துபோன வலைப்பக்கங்களின் பிரதிகளையும் காத்து வைத்திருக்கும் லாப நோக்கமற்ற நூலகம் அது. ஏன் அடைபட்டது என்று அவர்களுக்கே தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தால், இரண்டு இந்திப் படங்களுக்காகத் தயாரிப்பு நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவின் பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. பட்டியலில் மொத்தம் சுமார் 2,650 முகவரிகள். அதற்குள் ஒரு நூலகத்தின் பெயர் நுழைந்ததை உத்தரவு வரும்வரை யாரும் கவனிக்கவில்லை.

பழைய தமிழ் நூல்களை வருடி மின்னாக்கம் செய்யும் குழுவில் நான் இருக்கிறேன். அச்சில் இல்லாத ஒரு நிகண்டுப் பதிப்பைத் தேடுபவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் பெயர்பெற்ற தளம் என்பதால் செய்தியானது, ஊடகங்கள் கேட்டன, திறந்தது. யாருக்கும் தெரியாத ஒரு சிறு வலைத்தளம் அதே பட்டியலில் சிக்கியிருந்தால் அதைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள்? பட்டியலில் இருந்த மற்றவற்றைப் பற்றி எனக்கு இன்றுவரை அந்தக் கவலை இருக்கிறது.

---

வழக்காடி எழுதியது:

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்த விவாதத்தில் பலரும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிறார்கள்.

இணையத் தளங்களை அரசு முடக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவை அதற்கான காரணங்கள். பதிப்புரிமை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் திரைப்பட வழக்குகள் உரிமையியல் நீதிமன்ற உத்தரவு வழியாக வருகின்றன.

தளத்தில் யாரோ ஏற்றியதற்குத் தளம் எப்போது பொறுப்பு என்பதை 79-ஆவது பிரிவு சொல்கிறது. 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும் கருத்துப் போட்டால் சிறை என்ற 66ஏ பிரிவை ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. யாரோ புகார் அனுப்பினார்கள் என்பதற்காகவே ஒரு தளம் எதையும் நீக்க வேண்டியதில்லை, நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வேண்டும் என்று 79-க்கு விளக்கம் தந்தார்கள். எது சரி, எது தவறு என்று தீர்மானிக்கும் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் விட்டால் அது பயத்தில் எல்லாவற்றையும் நீக்கிவிடும் என்பதுதான் அதன் அடிப்படை.

பதிப்புரிமைக்கு இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. 1957 சட்டத்தின் 52(1)(சி) பிரிவையும் 2013 விதிகளில் 75-ஆவது விதியையும் பாருங்கள். உரிமையாளர் எழுத்து மூலம் புகார் தந்தால் 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். 21 நாட்களுக்குள் அவர் நீதிமன்ற உத்தரவு கொண்டு வராவிட்டால் மீண்டும் போட்டுவிடலாம். புகார் செய்தவர்தான் வழக்குப் போட வேண்டும், ஏற்றியவர் அல்ல. நல்ல ஏற்பாடு இது. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

உயர் நீதிமன்றங்கள் இரண்டு திசைகளில் போயிருக்கின்றன. 2016-ல் மும்பையில் நீதிபதி கௌதம் படேல், சரிபார்க்காத பட்டியலை வைத்து முழுத் தளங்களை முடக்க மறுத்தார். எந்த இணைப்பில் திருட்டுப் பிரதி இருக்கிறது என்று சோதித்துப் பிரமாணத்தோடு கொண்டு வாருங்கள் என்றார். அடைக்கப்பட்ட பக்கத்தில் எந்த வழக்கு, யாரிடம் முறையிடுவது என்ற விவரம் இருக்க வேண்டும் என்றார். படம் பார்ப்பதே குற்றம் என்பது போல அப்போது ஓர் எச்சரிக்கை வந்து எல்லோரையும் பயமுறுத்தியது. வெறுமனே பார்ப்பது குற்றமில்லை, அனுமதியின்றிப் பரப்புவதும் பொதுவில் காட்டுவதும்தான் குற்றம் என்று தெளிவாக்கியதும் அவர்தான்.

2019 ஏப்ரலில் டெல்லியில் நீதிபதி மன்மோகன் வேறு வழியில் போனார். திருட்டுக்கென்றே நடத்தப்படும் தளங்களை முழுதாக முடக்கலாம், அவை வேறு பெயரில் முளைத்தால் புது வழக்குப் போட வேண்டாம், நீதிமன்றத்தின் இணைப் பதிவாளரிடம் மனுக் கொடுத்துப் பட்டியலில் சேர்க்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. நகரும் தடை உத்தரவு என்று சொல்லலாம். 2023-ல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இனிமேல் எடுக்கப்படும் படைப்புகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்றது.

2019 தீர்ப்பை முழுதாகப் படித்தால் அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. எது திருட்டுத் தளம் என்று முடிவு செய்ய அளவுகோல்கள் தந்திருக்கிறார்கள். தளத்தின் முதன்மை நோக்கம் என்ன, நடத்துபவர் தன்னை மறைக்கிறாரா, நீக்கச் சொல்லி வந்த கோரிக்கைகளை மதிக்கிறாரா என்றெல்லாம். இவற்றை உண்மையாகப் பொருத்திப் பார்த்தால் இன்டர்நெட் ஆர்க்கைவும் விமியோவும் ஒருநாளும் பட்டியலில் வராது. அளவுகோல் இருக்கிறது, பட்டியலை அதில் வைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

---

வெட்டுஒட்டு எழுதியது:

வழக்காடி ஐயா, விரிவாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நகரும் தடை உத்தரவு ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பெயரை அடைத்தால் மறுநாள் கடைசி எழுத்துகளை மாற்றிக்கொண்டு அதே தளம் வருகிறது. ஒவ்வொரு முறையும் புது வழக்கு என்றால் எங்களால் ஓட முடியாது.

இன்னொன்று. 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தில் கொண்டு வந்த திருத்தத்தை நான் வரவேற்கிறேன். திரையரங்கில் அனுமதியின்றிப் பதிவு செய்தாலோ பரப்பினாலோ மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம், அது தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். இது திருடனைத் தேடிப் போகிற சட்டம். டிஜிட்டல் புரொஜெக்டரில் ஓடும் படத்தில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் பதிந்திருக்கும். திருட்டுப் பிரதி கிடைத்தால் எந்த அரங்கில், எப்போது ஓடிய காட்சி என்று அதிலிருந்து கண்டுபிடிக்கலாம். அதை வைத்து ஆளைப் பிடித்தால் 12,000 முகவரிகளைத் துரத்த வேண்டியதில்லை.

உண்மையைச் சொன்னால், பல கசிவுகள் அரங்கிலிருந்து வருவதில்லை. படம் முடியும் தறுவாயில் பல கைகள் மாறும். கூடங்களுக்கு இடையே கோப்புகள் போகும்போது யார் எதை நகலெடுத்தார்கள் என்று கணக்கு வைப்பதில் நம் துறை மிகவும் அசட்டையாக இருக்கிறது. நீதிமன்றத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்தால் நல்லது என்று உள்ளேயும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

---

நெடுவழி எழுதியது:

வெட்டுஒட்டு, அந்தத் திருத்தத்தின் தண்டனைப் பகுதியோடு எனக்கும் சண்டை இல்லை. அதன் பின்னால் வந்த ஏற்பாடுதான் உறுத்துகிறது. 2023 நவம்பரில் தணிக்கை வாரியத்திலும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திலும் 12 அதிகாரிகளை நியமித்தார்கள். புகார் வந்தால் அவர்கள் 48 மணி நேரத்துக்குள் திருட்டுப் படங்களை நீக்க உத்தரவிடலாம். நீதிபதி பார்க்கும் படியே போய்விட்டது. புகார் தருபவர் உரிமையாளர்தானா என்பதை அதிகாரி பார்க்கிறார், சரி. முடக்கப்பட்டவர் தரப்பை யார் கேட்பது?

திரைத்துறைக்கு ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது அரசு அறிக்கையில் சொன்னார்கள். இழப்பு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இலவசமாகப் பார்த்த ஒவ்வொருவரும் கிடைக்காதிருந்தால் சீட்டு வாங்கியிருப்பார் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் எந்தத் தொகையையும் எட்டலாம். இவ்வளவு பெரிய தொகையை முன்னால் வைத்த பிறகு எந்தக் கட்டுப்பாடும் சிறியதாகத் தெரியும். அதுதான் என் பயம்.

உலகம் இதை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2011-ல் அமெரிக்காவில் சோபா, பிபா என்ற இரண்டு மசோதாக்கள் வந்தன. திருட்டுக் குற்றச்சாட்டு உள்ள வெளிநாட்டுத் தளங்களை டிஎன்எஸ்ஸிலிருந்தே அகற்றலாம், விளம்பரப் பணத்தை நிறுத்தலாம், தேடுபொறியில் மறைக்கலாம் என்றன. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன்னைத் தானே இருட்டாக்கிக்கொண்டது. ரெடிட்டும் மூடியது. கூகுள் தன் பெயரின் மேல் கறுப்புப் பட்டை போட்டது. மக்கள் தங்கள் பிரதிநிதிகளை அழைத்துத் திணறடித்தார்கள். இரண்டு நாளில் இரண்டு மசோதாக்களும் கிடப்பில் போயின. அதற்கு நடுவில் ஜனவரி 19 அன்றுதான், பழைய சட்டங்களை வைத்தே, கோப்புகளை ஏற்றிப் பகிரும் மெகாஅப்லோட் தளத்தை அமெரிக்க அரசு கைப்பற்றியது. திருட்டுப் பிரதிகளோடு சொந்தக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த சாதாரண ஆட்களும் அன்று அவற்றை இழந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 4-ல் போலிப் பொருட்களையும் திருட்டுப் பிரதிகளையும் தடுப்பதற்கான ஆக்டா என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்ற கணக்கில் தோற்கடித்தது. ரகசியமாகப் பேசி முடித்த ஒப்பந்தம் என்பதே மக்களை வீதிக்குக் கொண்டு வந்தது.

பிரான்ஸில் 2009-ல் மூன்று முறை எச்சரித்துவிட்டு வீட்டின் இணைய இணைப்பையே துண்டிக்கச் சட்டம் போட்டார்கள். அந்த ஜூனில் அரசமைப்பு மன்றம், இணையத்தை அணுகுவது கருத்துரிமையின் பகுதி, அதை ஒரு நிர்வாக அமைப்பு பறிக்க முடியாது, நீதிபதி மட்டுமே முடிவு செய்யலாம் என்றது. சட்டத்தைத் திருத்தினார்கள். 2013-ல் துண்டிக்கும் தண்டனையையே கைவிட்டார்கள். நம் 12 அதிகாரிகள் விஷயத்தில் நான் கேட்பதும் இதே கேள்விதான்.

---

மாலைவெயில் எழுதியது:

ஏட்டுச்சுவடி சொன்ன இரண்டும் எனக்குத் தெரியாது, எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். பதிப்புரிமைச் சட்டத்தை வைத்து அரசு தனக்குப் பிடிக்காதவரை மிரட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். திருட்டுப் படத்துக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

மிகை இல்லை அம்மா. 2010 ஜனவரியில் ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரில் பைக்கால் ஏரியைக் காக்கப் போராடிய ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் அலுவலகத்துக்குள் காவல்துறை நுழைந்து கணினிகளை அள்ளிக்கொண்டு போனது. சொன்ன காரணம், திருட்டு மைக்ரோசாஃப்ட் மென்பொருள் வைத்திருக்கிறார்கள் என்பது. உரிமம் பெற்ற மென்பொருள்தான் என்று அவர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஏரிக்கரையில் ஒரு காகித ஆலையை மீண்டும் திறப்பதை எதிர்த்து அவர்கள் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. விஷயம் உலகச் செய்தியான பிறகு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இத்தகைய அமைப்புகளுக்கு இலவச உரிமம் அறிவித்து, இனி இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாதபடி செய்தது.

எக்வடோரில் அரசை விமர்சித்த ஆவணப்படங்களும் காணொளிகளும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் புகார் வழியாக யூடியூபிலிருந்து நீக்கப்பட்டன. அதிபர் பேசும் காட்சி சில நொடிகள் வந்தது என்பதே புகார். தேர்தலில் நிற்பவரின் பேச்சைக் காட்டி விமர்சிக்கவும் முடியாதென்றால் விமர்சனம் எப்படிச் செய்வது?

சட்டம் நல்லவர் கையில் இருக்கும் என்று எண்ணி எழுதக் கூடாது. மோசமானவர் கையில் போனால் என்ன செய்வார் என்று யோசித்துத்தான் எழுத வேண்டும்.

---

ஆய்வுமேசை எழுதியது:

எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். முனைவர் பட்ட மாணவியாக என் கவலையையும் சேர்க்கிறேன்.

நாங்கள் படிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் சில பெரிய பதிப்பகங்களின் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கின்றன. எழுதியவருக்கு அந்தக் கட்டணத்திலிருந்து எதுவும் போவதில்லை. மதிப்பீடு செய்த பேராசிரியரும் பெரும்பாலும் ஊதியமில்லாமல்தான் செய்கிறார். பல ஆய்வுகள் மக்கள் வரிப்பணத்தில் நடந்தவை. 2011-ல் அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் தொடங்கிய சை-ஹப் தளம் அந்தச் சுவரைத் தாண்ட வழி செய்தது. 2020 டிசம்பரில் எல்ஸ்வியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் என்ற மூன்று பதிப்பாளர்களும் சேர்ந்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. திருட்டுப் படத் தளங்களுக்கு உருவாக்கிய அதே அச்சில் இதையும் அடைக்க வேண்டும் என்பது கோரிக்கை.

வெட்டுஒட்டு சொல்லும் கூலி நியாயம் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் அந்த நியாயம் இங்கே பொருந்தாது. 2016-ல் டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் வழக்கில், பாடத்துக்குத் தேவையான நூல் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது கற்பித்தலுக்கான விலக்கில் வரும், அது உரிமை மீறல் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. பதிப்புரிமைச் சட்டமே அறிவைப் பரப்பத்தான் இருக்கிறது என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் உண்டு. தளத்தை அடைக்கும் உத்தரவுகளில் அந்தப் பார்வையைக் காணவே முடியவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் ஆய்வு, விமர்சனம், கற்பித்தல் என்று எத்தனையோ விலக்குகள் இருக்கின்றன. ஒரு டிஎன்எஸ் கணினிக்கு விலக்கு எது என்று தெரியுமா?

இன்னொரு அனுபவம். என் ஆய்வுக்காக ஒரு பழைய பாடலின் இருபது நொடிகளை வைத்து ராக அமைப்பை விளக்கி ஒரு காணொளி போட்டேன். தானியங்கிச் சோதனையில் சிக்கி நீக்கப்பட்டது. விமர்சனத்துக்காகத்தான் பயன்படுத்தினேன் என்று முறையிட்டேன். வந்த பதிலும் தானியங்கிதான்.

---

கம்பிவடம் எழுதியது:

நேரலை விளையாட்டு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்த கட்டம் அதுதான். இத்தாலியில் 2024 பிப்ரவரியில் 'பைரசி ஷீல்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உரிமையாளர் முகவரியைக் கொடுத்தால் சேவை நிறுவனங்கள் 30 நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை கூகுள் டிரைவ் அடைபட்டது. நாடு முழுக்க மாணவர்களும் அலுவலகங்களும் தங்கள் கோப்புகளை எடுக்க முடியாமல் நின்றார்கள். 30 நிமிடத்தில் எந்த மனிதரும் சரிபார்க்க முடியாது, சரிபார்க்கக் கூடாது என்பதற்காகவே வைத்த கெடு போல இருக்கிறது.

ஸ்பெயினில் 2025 பிப்ரவரியிலிருந்து லா லிகா கால்பந்துப் போட்டி நடக்கும் நேரங்களில் கிளவுட்ஃப்ளேர் ஐபி முகவரிகளை அடைக்கிறார்கள். கால்பந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தளங்கள், சிறு வணிகங்கள் எல்லாம் அந்த நேரத்தில் மறைந்துபோகின்றன. போட்டி முடிந்ததும் திரும்பி வருகின்றன. நான் முதல் பதிவில் ஐபி அடைப்பு மிக மோசம் என்று சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

---

வெட்டுஒட்டு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஐபி அடைப்பு வேண்டாம். நூலகம், ஆய்வுக் கட்டுரை இவற்றைத் திருட்டுப் படத் தளத்தோடு ஒரே பட்டியலில் வைப்பதும் வேண்டாம். ஆனால் திருட்டுக்கென்றே நடக்கும் தளங்களை உடனே அடைக்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதையும் எடுத்துவிட்டால் எங்களிடம் கெஞ்சுவதைத் தவிர எதுவும் மிஞ்சாது.

நியாயமாக ஒரு முறை சொல்லுங்கள், நான் என் சங்கத்தில் பேசுகிறேன்.

---

நெடுவழி எழுதியது:

இதை நீங்கள் சங்கத்தில் பேசினால் அதுவே பெரிய விஷயம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் திரைப்பிடிப்பும் தேதியும் இணைத்துப் பிரமாணம் தர வேண்டும். உத்தரவும் பட்டியலும் பொதுவில் கிடைக்க வேண்டும். படம் ஓடும் சில வாரங்களோடு தடை தானாகவே காலாவதியாக வேண்டும். பட்டியலைத் தயாரித்துத் தரும் கூலி நிறுவனங்களுக்கு முகவரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தரும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நூலகமும் உள்ளே வரும், யார் வீட்டு வலைப்பூவும் வரும்.

வழக்காடி ஐயா, தவறாக அடைபட்ட தளத்துக்காரர் இன்றைய சட்டப்படி என்ன செய்யலாம்?

---

வழக்காடி எழுதியது:

முதலில், வேறு வேறு சேவை நிறுவனங்களின் இணைப்பில் திறந்து பார்த்துத் திரைப்பிடிப்பு எடுங்கள். ஒன்றில் மட்டும் திறக்கவில்லையென்றால் அது தொழில்நுட்பக் கோளாறாகவும் இருக்கலாம். பிறகு சேவை நிறுவனத்துக்கு எழுதி எந்த வழக்கு எண்ணின் கீழ் அடைத்தீர்கள் என்று கேளுங்கள். எண் கிடைத்தால் அந்த வழக்கில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது கட்டளை, 4-ஆவது விதிப்படி தடையை நீக்க மனுப் போடலாம். எதிர்த்தரப்பைக் கேட்காமல் பொய்யான தகவல் தந்து வாங்கிய தடை என்றால் நீதிமன்றம் அதை நீக்கும்.

இழப்பீடும் கேட்கலாம். போதிய காரணமின்றித் தடை வாங்கியவர் இழப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 95-ஆவது பிரிவு சொல்கிறது. உச்ச வரம்பு 50,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டணத்துக்கே அது காணாது.

ஆகவே என் யோசனை, தடை கேட்பவர் முன்கூட்டியே ஒரு தொகையை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். தவறாக அடைபட்டவர் தனி வழக்குப் போடாமல் அதிலிருந்தே ஈடு பெற வேண்டும். பட்டியலில் யார் பெயரைப் போடுகிறோம் என்று அப்போதுதான் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

---

வெட்டுஒட்டு எழுதியது:

தொகை கட்டுவது பெரிய நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. கடன் வாங்கிப் படம் எடுத்தவர் அதையும் எங்கே போய்ப் புரட்டுவார்? கடைசியில் பணம் உள்ளவர் மட்டும் தடை வாங்குவார்.

---

வழக்காடி எழுதியது:

சரியான கேள்வி. தொகையைப் படத்தின் செலவோடு கட்ட வேண்டாம், பட்டியலின் நீளத்தோடு கட்டலாம். சரிபார்த்த நாற்பது முகவரிகளோடு வருபவருக்குப் பெயரளவுக்கு ஒரு தொகை, 12,000 முகவரிகளோடு வருபவருக்கு அதற்கேற்ற தொகை. சிறிய படத்துக்கு நாற்பதே போதும் என்று நினைக்கிறேன். போதாதா? உங்கள் அனுபவத்தில் முதல் மூன்று நாட்களில் உண்மையிலேயே பார்வையாளர்களை இழுக்கும் தளங்கள் எத்தனை இருக்கும் என்று சங்கத்தில் கேட்டு எழுதுங்கள், அதை வைத்து ஒரு வரைவு போட்டுத் தருகிறேன்.